பழைய வண்ணாரப்பேட்டை பாய் கடையில் தம்பிக்குக் காக்கி தைத்தோம்

தம்பி பயிற்சி முடித்து போலீஸ் ஆயுதப்படையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கையில் இருக்கும் சீருடை போதவில்லை, இன்னும் ரெண்டு செட் வேண்டும், ஆன்லைனிலேயே ரெடிமேடு வருகிறது, வாங்கிக்கொள்கிறேன் என்றான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "பாய்கிட்ட போ" என்றார். அவ்வளவுதான், போனோம்.

எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது கடை. போர்டில் பெயர் எல்லாம் அழிந்துபோய் 'போலீஸ், ஹோம்கார்டு, என்.சி.சி.' என்ற எழுத்து மட்டும்தான் தெரியும். மூன்று மெஷின், ஒரு காஜா மெஷின், ஆளுயரக் கண்ணாடி, கஸ்டமர் உட்கார ஒரே ஒரு ஸ்டூல். வண்டி நிறுத்த இடமே கிடையாது, வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்து வந்துவிடுவது நல்லது. அப்பா 1986-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 2022-ல் எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டராக) ஓய்வு பெறும் வரை இங்கேதான் தைத்தார். எனக்குத் தெரிந்து வேறு கடை வாசலை மிதித்ததில்லை. ஏன் என்று இந்தத் தடவைதான் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பாய் டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "இன்னா டூட்டி தம்பி?" ஆயுதப்படைதான் பாய், பந்தோபஸ்து, எஸ்கார்ட், பாரா காவல் எல்லாம் வரும் என்றான். தலையை ஆட்டிவிட்டு, நிற்கவைத்து இடுப்பை அளந்தார், அப்புறம் அந்த ஸ்டூலில் உட்காரவைத்து இன்னொரு தடவை அளந்தார். நிற்கும்போது ஒரு அளவு, வேனில் உட்கார்ந்தபடியே தூங்கும்போது ஒரு அளவு, ரெண்டுக்கும் சேர்த்துத்தான் பேண்ட் தைக்க வேண்டுமாம். பின் தையலில் ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே மடித்து விடுகிறார். "ரெண்டு வருஷத்துல பிரிக்க வேண்டி வரும்மா, நைட்டு முழுக்க டீ, காலையில பசிக்கிற நேரத்துக்குச் சோறு இல்ல, எல்லாருக்கும் இடுப்பு போட்டுடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். லத்தியைத் தூக்கினால் கிழியாதபடி அக்குளில் கொஞ்சம் தளர்வு, பேண்டின் நடுத் தையல் ரெட்டைத் தையல், பட்டன் எல்லாம் தடிநூலில். ரெடிமேடில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

துணி நாம் கொடுத்தால் ஒரு செட்டுக்குத் தையல் கூலி 950. அவரிடமே துணி எடுத்தால் விலை சற்றுக் கூடும், ஆனால் சாயம் போகாது. அப்பாவின் பழைய சட்டை ஒன்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அதே நிறத்தில் பீரோவில் இருக்கிறது.

நாங்கள் இருந்தபோது ஒரு பெண் காவலர் வந்தார். குழந்தை பிறந்து மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறார், பழைய பேண்ட் எதுவும் ஏறவில்லை, மறுநாள் காலை அஞ்சு மணிக்கு டூட்டி. பாய் எங்கள் வேலையை அப்படியே வைத்துவிட்டு அவருடையதை எடுத்தார். சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த அரை மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் வி.ஐ.பி. போகும் ரோட்டில் வரிசையாக நிற்கவைப்பார்களாம், பாத்ரூம் போக வழியில்லை என்று முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாராம். 2021 ஜூனில்தான் அப்படி ரோட்டோர பந்தோபஸ்தில் பெண்களைப் போட வேண்டாம் என்று டி.ஜி.பி.யிடமிருந்து உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸுக்கு வந்தது 1973-ல். ஆக, நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஏதோ ஊரில் நடந்த கதையைச் சொல்வது போலச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

குறை என்று ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றவர் வியாழக்கிழமை ராத்திரிதான் தந்தார். ரெண்டு நடை வீண். போன் அடித்தால் எடுக்க மாட்டார், மெஷின் சத்தத்தில் கேட்காதாம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 பரேடு நெருங்கும்போது போனால் இன்னும் மோசம், பத்து நாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு நட்சத்திரத்தில் பாதியை இதற்காகக் குறைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை ராத்திரி அப்பாவும் கூட வந்தார். அவர் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் பாய் ஒரு விஷயம் சொன்னார், எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாத விஷயம்.

2004 சுனாமி வந்தபோது அப்பா ஏட்டு, இந்தப் பக்கம்தான் வேலை. காசிமேட்டுக் கரையிலிருந்து பிணங்களைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், தம்பிக்கு மூணு வயசு. மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்த அப்பா, காலைக் கட்டிக்கொண்ட தம்பியைத் தூக்காமல் அப்படியே நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த பல வாரம் அவனைத் தூக்கவே இல்லை. குழந்தை ஏங்கிப்போய்விட்டான் என்று அம்மா சண்டைகூடப் போட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. கையில் எந்த வயசுக் குழந்தைகளைத் தூக்கியிருந்தார் என்று எங்களுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

பாய் சொன்னது இது. அந்த வாரத்தில் ஒரு நாள் கடை மூடும் நேரத்துக்கு அப்பா ஒரு காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து டேபிளில் வைத்திருக்கிறார். நாலு தடவை துவைத்தேன் பாய், இன்னும் நாத்தம் போகவில்லை, என்ன செய்யலாம் சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். பாய் எடுத்து மோந்து பார்த்தாராம். சோப்பு வாசனை மட்டும்தான் அடித்ததாம். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. சரி சார், இது வேணாம், வெச்சிட்டுப் போங்கன்னேன். ராவோட ராவா புதுசு ஒண்ணு தெச்சு காலையில ஸ்டேஷன்லயே குடுத்துட்டு வந்தேன்." காசு வாங்கவில்லை. அந்தப் பழைய சட்டை என்ன ஆனது என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

போலீஸ் என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் ஒரு கோபம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். காக்கியைப் போட்டுக்கொண்டு கை நீட்டுபவனையும் கை ஓங்குபவனையும் உள்ளே தள்ள வேண்டும் என்று முதலில் சொல்வது எங்கள் அப்பாதான். ஆனால் மற்றவர்கள் செய்யும் வேலையை யாரும் பார்ப்பதில்லை. கேட்பாரற்ற பிணத்தை ஸ்டான்லி மார்ச்சுவரியிலிருந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய், சொந்தம் என்று ஒருவரும் இல்லாத இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு கைப்பிடி மண்ணும் போட்டுவிட்டு வருவது ஒரு போலீஸ்காரர்தான். விபத்தில் பிள்ளை செத்ததை நடுராத்திரி கதவைத் தட்டி அம்மா அப்பாவிடம் சொல்வதும் அவர்தான். அப்பா அந்த மாதிரி வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்டுவாராம். தொப்பியோடு நின்றால் பயந்துவிடுவார்கள், கழற்றி வைத்திருந்தால் சொல்வதற்கு முன்னாலேயே பாதி புரிந்துகொள்வார்கள் என்று ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி யாராவது போலீஸ்காரர் நின்றால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

2020-ல் ராயபுரம் முழுக்கத் தகரம் வைத்து அடைத்திருந்த நாட்களில் அந்தத் தகரத்துக்கு வெளியே நின்றவர்களும் இவர்கள்தான். அந்த ஜூனில் மாம்பலம் இன்ஸ்பெக்டர் ஒருவர் கொரோனாவில் இறந்துபோன செய்தி வந்த அன்று, அப்பா வீட்டுக்குள் வராமல் படிக்கட்டிலேயே படுத்துக்கொண்டார்.

மனசுக்கும் வைத்தியம் தேவை என்று அரசாங்கம் நினைத்துப் பார்க்கவே ரொம்ப நாள் ஆனது. 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஆரம்பித்தார்கள், நல்ல காரியம். 2021-ல் காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று உத்தரவும் வந்தது. தம்பிக்கு அது ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் இப்போது எங்கள் வீட்டுப் பிரார்த்தனை. அப்பா ஏட்டாக இருந்த காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. என்னுடைய மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு யூனிஃபார்மிலேயே வந்து, மேடையில் கோரைப்பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் எனக்கு விபூதி வைத்தவர் அவர். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் போக எத்தனையோ வருஷம் பிடித்தது. ஓய்வு பெற்ற பிறகும் ரெண்டரை மணிக்கு ரோந்துக்கு எழுந்திருப்பது போல எழுந்து பால்கனியில் உட்கார்ந்துகொள்கிறார். இப்போதெல்லாம் நானும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசுவதில்லை.

சட்டைக்கு வருகிறேன். போட்டுப் பார்த்தபோது தோள் அப்படி உட்கார்ந்தது, தைத்தது தெரியாமல் பிறந்ததிலிருந்தே போட்டிருப்பவன் மாதிரி இருந்தான். அப்போது உள்ளே கையை விட்ட தம்பி, "இது எதுக்கு பாய்?" என்றான். இடது பக்கம், மேல் பாக்கெட்டுக்குப் பின்னால், வெளியே தெரியாமல் ஒரு குட்டிப் பாக்கெட். ரெண்டு விரல்தான் நுழையும். நாங்கள் கேட்கவில்லை, அதற்குக் கூலியும் போடவில்லை. பாய் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "இருக்கட்டும் தம்பி, பின்னாடி தெரியும்" என்று மட்டும் சொன்னார். அப்பா டீ குடித்துவிட்டு வந்து, வந்ததும் சட்டையைத் திருப்பி அந்த இடத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். பாயும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பீரோவைத் திறந்து சின்ன அமிர்தாஞ்சன் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார். மார்ச்சுவரி டூட்டி போட்டால் கர்சீப்பில் தடவி மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது என்று தம்பியிடம் சொன்னார். முப்பத்தாறு வருஷ வேலையைப் பற்றி அவனிடம் அவர் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். பாட்டில் அந்தப் பாக்கெட்டில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

பாய்க்கு வயசாகிவிட்டது, கண்ணாடியை ஏற்றி இறக்கித்தான் ஊசியில் நூல் கோக்கிறார். மகன் பக்கத்து மெஷினில் இருக்கிறார், காலர் வேலை இன்னும் அப்பா அளவுக்கு வரவில்லை, அதனால் பாயே வெட்டித் தைக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை பத்தரை முதல் ராத்திரி பத்து வரை, வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மட்டும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை உண்டு. நாங்கள் இன்னும் ஒரு செட்டுக்குத் துணி கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.