படகில் கீறல்: ஜெல்கோட்டா, பாலியெஸ்டரா, எபாக்சியா?

ஃபைபர் படகில் கீறல் விழுந்தால், முதலில் அதற்குக் குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் வழுக்கிப் போனால் அது மேல்கீறல்தான். 1000, 1200 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போட்டால் முடிந்தது. நகம் சிக்கினால்தான் எதைப் பூசுவது என்ற கேள்வியே வருகிறது. அதற்கும் கீறலின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்: படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டின் நிறமே தெரிகிறதா, இல்லை கண்ணாடி நார் வெள்ளையாகப் பிசிறடித்து நிற்கிறதா?

ஜெல்கோட் என்பது சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள தோல். கீறல் அதற்குள்ளேயே நின்றுவிட்டால் ஜெல்கோட்டை மிஞ்ச வேறு எதுவும் இல்லை, ஏனென்றால் அது படகின் சொந்தத் தோல், வெயிலைத் தாங்கும், தேய்த்தால் பளபளப்பும் வரும். ஆனால் சாதாரண ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேல்பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும், அதனால் மெழுகு கலந்ததை வாங்க வேண்டும், அல்லது பூசியவுடன் மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூட வேண்டும். வலு மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஆழமான பள்ளத்தை ஜெல்கோட்டாலேயே நிரப்பினால் வெடிப்பு விடும்.

நார் தெரிந்துவிட்டால் கதை வேறு. நம் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் நின்ற பல இடங்களில் ஃபைபர் படகு வந்துவிட்டது, பல ஊர்களில் படகு அணைக்க மேடை கிடையாது, தினமும் மணலில் இழுத்துத்தான் ஏற்றுகிறார்கள். அதனால் பக்கவாட்டுக் கீறலைவிட அடியில் ஏரா (படகின் அடி நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) தேய்ந்து நார் வெளியே வருவதுதான் பெரிய தொல்லை. அந்த நார் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே போகும். இங்கேதான் பாலியெஸ்டர், எபாக்சி என்ற இரண்டு ரெசின்களுக்கும் (நாரோடு சேர்ந்து இறுகும் பிசின்) நிஜமான போட்டி.

பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) மலிவு, சுலபமாகக் கிடைக்கும், கரையில் பலருக்கும் கைப்பழக்கம் உண்டு. படகே பெரும்பாலும் அதில்தான் வார்த்தது. ஆனால் ஏற்கெனவே இறுகிப்போன பாலியெஸ்டர்மேல் புதிய பாலியெஸ்டர் ஒட்டும் பிடி கொஞ்சம் குறைவு, இறுகும்போது சுருங்கவும் செய்யும், அதனால் சரியாகச் சுரண்டாமல் பூசிய ஒட்டு ஓரத்திலிருந்து கிளம்பிவிடும். வெயிலில் வேலை செய்தால் ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 1 சதவீதத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், 2 சதவீதம் ஊற்றினால் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். ஒன்று மிக முக்கியம்: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர்.

எபாக்சி விலை கூடுதல், இறுகவும் நேரம் எடுக்கும். ஆனால் பிடி என்றால் அதுதான் பிடி. பழைய பரப்பில் இறுக்கிப் பிடிக்கும், சுருக்கம் மிகக் குறைவு, தண்ணீரை நன்றாகத் தடுக்கும். அளவில் கறாராக இருக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் கடைசி வரை சரியாக இறுகாது. பாலியெஸ்டருக்கு வாங்கிய சாதா மேட்டையும் இதற்குப் போடாதீர்கள், அதிலுள்ள பசை எபாக்சியில் கரையாது, நெய்த கண்ணாடித் துணிதான் சரி. வெயில் எபாக்சிக்கு ஆகாது, மேலே பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். அதன்மேல் ஜெல்கோட்டை நம்பிப் பூச முடியாது. பெயின்டுக்கு முன் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், இறுகிய எபாக்சியில் மெழுகு போல ஒரு படலம் நிற்கும். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம், சிலருக்குத் தோல் வெந்துபோகும்.

என் கணக்கு இதுதான்: பக்கவாட்டில் ஜெல்கோட், ஏராவிலும் தண்ணீருக்குக் கீழேயும் எபாக்சி. அடிப்பக்கம் முழுக்கத் தேய்ந்திருந்து கையில் பணமும் குறைவு என்றால் பாலியெஸ்டர் தப்பில்லை, ஆனால் 80 நம்பர் பேப்பரில் நன்றாகச் சுரண்டி, 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஓரம் 12 மில்லிமீட்டராவது சரிவாகப் போகும்படி தேய்த்த பிறகுதான்.

கார் பட்டறையில் போடும் பட்டியைத் தண்ணீருக்குக் கீழே போடவே கூடாது, அதிலுள்ள மாவு தண்ணீரை உறிஞ்சும். கையில் பிசைந்து ஒட்டும் எம்-சீல் மாதிரி எபாக்சி பட்டி கடலில் அவசரத்துக்கு நல்லது, கரைக்கு வந்ததும் அதைச் சுரண்டிவிட்டு முறையாகச் செய்யுங்கள்.

எதைப் பூசினாலும் முதலில் ஈரம் போக வேண்டும். உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, சில நாள் காயவிட்டு, ஒரு ராத்திரி அந்த இடத்தில் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.