கட்டாயமும் தடையும்: ஓ.எல் ஆங்கிலக் கையேடு ஒன்றின் மதிப்பீடு

கிளிநொச்சி, பரந்தன் பக்கத்து ரியூஷன் வகுப்புகளில் ஓ.எல் எனப்படும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தரம் 10, 11 பிள்ளைகளின் கைகளில் புழங்கும் போட்டோக்கொப்பிக் கையேடு இது. கட்டாயமும் தடையும் சொல்லும் மஸ்ட் (must), ஹாவ் டு (have to), ஷுட் (should), மஸ்ட் நொட் (must not) ஆகியவற்றுக்கென்றே தனிக் கையேடு போட்டது நல்ல காரியம். வழமையான இலக்கணப் புத்தகங்கள் இவற்றை அவசரமாக முடித்துவிடும்.

வடிவம் சொல்லித்தரும் பகுதியில் குறையில்லை. மஸ்டுக்குப் பின் வினையடி மட்டுமே வரும். 'ஷீ மஸ்ட் கோ' சரி; 'ஷீ மஸ்ட் டு கோ', 'ஷீ மஸ்ட் கோஸ்' இரண்டும் பிழை. ஹாவ் டு எழுவாய்க்கு ஏற்ப ஹாஸ் டு ஆகும். கேள்வியில் டஸ் வந்தவுடன் ஹாஸ் மறுபடி ஹாவ் ஆகிவிடும்: 'டஸ் ஷீ ஹாவ் டு கோ?' இதைப் பெட்டி கட்டிக் காட்டியிருக்கிறார்கள். சொல்பவரே வற்புறுத்தினால் மஸ்ட், வெளிவிதி வற்புறுத்தினால் ஹாவ் டு என்ற விளக்கமும் போதும். பேச்சில் அந்தக் கோடு அவ்வளவு கறார் இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தடை பற்றிய பக்கத்தைத்தான் திருத்தாமல் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. மஸ்ட் நொட், டோன்ட் ஹாவ் டு இரண்டையும் ஒரே நிரலில் போட்டு, 'வேண்டியதில்லை' என்று பொருள் எழுதியிருக்கிறது. மஸ்ட் என்றால் 'வேண்டும்', ஆகவே அதன் எதிர்மறை 'வேண்டியதில்லை' என்று கணக்குப் போட்டதால் வந்த பிழை இது. மஸ்ட் நொட் என்பது 'கூடாது'. டோன்ட் ஹாவ் டு என்பதுதான் 'வேண்டியதில்லை'; விரும்பினால் செய்யலாம் என்ற இடம் அதில் இருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டு வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. 'யூ மஸ்ட் நொட் என்டர்' என்றால் உள்ளே கால் வைக்கக் கூடாது. 'யூ டோன்ட் ஹாவ் டு என்டர்' என்றால் போக வேண்டிய கட்டாயம் இல்லை, போனாலும் குற்றமில்லை.

திருத்தச் சுலபமான வழி: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'செய்தால் தப்பா?' என்று பிள்ளையைக் கேளுங்கள். தப்பு என்றால் மஸ்ட் நொட். தப்பில்லை, செய்யாமலும் விடலாம் என்றால் டோன்ட் ஹாவ் டு.

இறந்தகாலத்துக்கு ஒரு பயிற்சிகூட இல்லை. இது பெரிய குறை. கட்டாயப் பொருளில் மஸ்டுக்கு இறந்தகால வடிவம் கிடையாது. ஹாட் டு தான். 'நேற்று வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஐ ஹாட் டு கோ டு வவுனியா யெஸ்டடே'. 'ஐ மஸ்ட் வென்ட்' என்று எழுதினால் புள்ளி போய்விடும். அன்று தடை இருந்தது என்றால் 'வீ வெயார் நொட் அலவ்ட் டு'. 'அவன் போயிருக்க வேண்டும்' என்பது இன்னும் சிக்கலானது. போயிருப்பான் என்ற ஊகம் என்றால் மஸ்ட் ஹாவ் கோன். போகாமல் விட்டது பிழை என்றால் ஷுட் ஹாவ் கோன். தமிழில் இரண்டுக்கும் ஒரே வடிவம் இருப்பதால் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்ட வேண்டும்.

அறிவித்தல் எழுதும் பயிற்சிக்கு இரணைமடுக் குளத்தில் குளிப்போரை எடுத்துக்கொண்டது பொருத்தம். ஆனால் மாதிரி விடையில் வரிக்கு வரி 'யூ மஸ்ட் நொட்'. உண்மையான பலகைகளில் 'நோ ஸ்விம்மிங்', 'டூ நொட் த்ரோ கார்பேஜ்' என்று சுருக்கமாகத்தான் இருக்கும். உச்சரிப்புப் பற்றியும் கையேட்டில் ஒன்றுமில்லை. இவற்றையாவது சொல்லியிருக்கலாம்: மஸ்ட் நொட் சுருங்கும்போது நடுவிலுள்ள டகர ஒலி மறைந்து 'மஸன்ட்' என்று கேட்கும், ஹாவ் டு வேகத்தில் 'ஹாஃப்டு' ஆகும்.

விடைத்தாளில் விடைகள் மட்டும் இருக்கின்றன, காரணம் இல்லை. வீட்டில் தனியே படிக்கும் பிள்ளைக்கு இது உதவாது. ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வகுப்புக்கு, தடைப் பக்கத்தைத் திருத்தியபின் தாராளமாக வாங்கலாம்.