கோல்ஃப் டிரைவரால் மேல்நோக்கி அடித்தால் ஸ்லைஸ் ஏன் கூடுகிறது: ட்ராக்மேன் முன்னால் ரெண்டு மணி நேரம்

நியூ ஜெர்சி குளிரில் டிசம்பர் வந்துவிட்டால் மைதானத்தை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் எடிசனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு இன்டோர் கோல்ஃப் கடையில் ட்ராக்மேன் (அடியை அளக்கும் கருவி) வைத்த இடத்தை ரெண்டு மணி நேரத்துக்கு எடுத்தேன். மணிக்கு 55 டாலர். முதல் மணி நேரம் நான் தனியாக, அடுத்தது அங்கே இருக்கும் பயிற்சியாளரோடு, அவருக்கு 90 டாலர், ஆக மொத்தம் 200. கடை மேல் எனக்குக் குறை உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன். மூன்று வருடமாகப் புரியாத ஒரு விஷயம் அன்றைக்குப் புரிந்தது, முதலில் அது.

நான் வலது கைக்காரன். டிரைவர் (தூரமாக அடிக்கும் கிளப், அதாவது மட்டை) எடுத்தால் பந்து கொஞ்சம் இடது பக்கமாகக் கிளம்பி வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போய்விடும், இதைத்தான் ஸ்லைஸ் என்கிறார்கள். போன கோடையில் யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான்: டீயை (பந்தை வைக்கும் சின்ன முளை) உயர்த்து, பந்தை இடது குதிகாலுக்கு நேராக வை, கீழ்நோக்கி வெட்டாதே, மேல்நோக்கி அடி. அப்படியே செய்தேன். பந்து உயரமாகப் போனது, ஆனால் முன்பைவிட மோசமாக வளைந்தது. சரி, நாம்தான் ஒழுங்காகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தமாக மேல்நோக்கி அடித்தேன், இன்னும் வளைந்தது. அந்த சீசன் முழுக்க அப்படியே போய்விட்டது.

ட்ராக்மேன் டென்மார்க் கம்பெனியின் ரேடார். உள்ளே ரெண்டு ரேடார் இருக்கின்றன, ஒன்று கிளப்பைப் பார்க்கிறது, ஒன்று பந்தைப் பார்க்கிறது. இன்டோரில் பந்து சில மீட்டரிலேயே திரையில் மோதிவிடுவதால் மிச்சப் பறத்தலை அது கணக்குப் போட்டுக் காட்டும். சுழற்சியை நம்பும்படி அளக்க வேண்டுமென்றால் பந்தின் மேல் சின்ன உலோக ஸ்டிக்கர் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரேடாருக்கென்றே வரும் டைட்லிஸ்ட் ஆர்.சி.டி. பந்து வேண்டும். போனதும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய முறையில் அடித்தபோது என் எண்கள் இவை: அட்டாக் ஆங்கிள் மைனஸ் 3.5 டிகிரி, அதாவது கிளப் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தொடுகிறது. ஸ்விங் போகும் திசை இலக்குக்கு 7 டிகிரி இடது. ஆனால் கிளப் பாத் (பந்தைத் தொடும் நொடியில் கிளப் தலை நகரும் திசை) மட்டும் ஏறக்குறைய 4 டிகிரிதான் இடது. 7 எப்படி 4 ஆனது என்று கேட்டேன். பயிற்சியாளர் மூலையில் கிடந்த ஒரு ஹூலா ஹூப்பை எடுத்துச் சாய்த்துப் பிடித்தார். ஸ்விங் பிளேன் என்பது அந்தச் சாய்ந்த வளையம். கிளப் தலை அதன் விளிம்பிலேயே ஓடுகிறது. வளையத்தின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு வருவதற்கு முன்னால் அது இறங்கிக்கொண்டே வெளியே, அதாவது வலது பக்கமாகப் போகிறது. அந்தப் புள்ளியைத் தாண்டினால் ஏறிக்கொண்டே உள்ளே, இடது பக்கமாகத் திரும்புகிறது. வளையத்தை அசைக்காமல் பந்தை மட்டும் முன்னால் நகர்த்தினாலே பாத் இடது பக்கம் போய்விடும்!

எவ்வளவு போகும் என்பது வளையத்தின் சாய்வைப் பொறுத்தது. என் டிரைவரின் பிளேன் 47 டிகிரி, அதில் ஒரு டிகிரி மேல்நோக்கி அடித்தால் பாத் கிட்டத்தட்ட ஒரு டிகிரி இடது பக்கம் நகரும். ஐயர்னில் (டிரைவரை விடக் குட்டையான, இரும்புத் தலை கிளப்) பிளேன் 60 டிகிரி மாதிரி நிமிர்ந்திருப்பதால் அதில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். என் கதை இப்போது தெளிவாகிவிட்டது. அந்த 7 டிகிரி இடது திசையை விட்டுவிட்டு அட்டாக்கை மட்டும் பிளஸ் 2 ஆக மாற்றியதில் பாத் 9 டிகிரி இடது ஆகிவிட்டது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம் (பந்தில் படும் பக்கம்) பார்க்கும் திசை, டிரைவரில் ஏறக்குறைய 85 சதவீதம். வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாத்துக்கும் உள்ள வித்தியாசம். என் கிளப் முகம் 2 டிகிரி இடது. முன்பு வித்தியாசம் 2 டிகிரி கூட இல்லை, இப்போது 7. கோடை முழுக்க நான் அடித்த பந்துகள் வளைந்ததற்குக் காரணம் இதுதான், இதை ஒரு ஆள் கூட எனக்குச் சொல்லவில்லை.

அதற்காக மேல்நோக்கி அடிக்கும் யோசனை தப்பு என்று நினைக்க வேண்டாம். ட்ராக்மேன் வெளியிட்ட பழைய சராசரிப்படி பி.ஜி.ஏ. தொழில்முறை ஆண்களின் அட்டாக் டிரைவரில் மைனஸ் 1.3 டிகிரி, எல்.பி.ஜி.ஏ. தொழில்முறை பெண்களுடையது பிளஸ் 3. அந்தப் பெண்களின் கிளப் வேகம் மணிக்கு 94 மைல், கேரி (பந்து தரையில் விழும்வரை பறக்கும் தூரம்) 218 கெஜம். என் வேகம் 91 மைல். ஆகவே 113 மைலில் அடிக்கும் ஆண்களைப் பார்த்து நான் கற்க வேண்டியதை விட இவர்களிடம் கற்க வேண்டியது அதிகம். இந்த வேகத்தில் இறங்கி அடித்தால் பந்து தாழ்வாகக் கிளம்பி அதிகம் சுழன்று, தூரம் வீணாகிறது. மேல்நோக்கி அடிக்கலாம், ஆனால் வளையத்தையும் சேர்த்து வலது பக்கம் திருப்ப வேண்டும். தோளைக் கொஞ்சம் மூடி வைத்து, பந்துக்கு வெளியே ஒரு காலி டப்பாவை வைத்து அதைத் தொடாமல் அடிக்கச் சொன்னார். நாற்பது பந்து போனபின் திசை பூஜ்யத்துக்கு வந்தது, அட்டாக் பிளஸ் 2, பாத் 2 டிகிரி இடது, முகம் ஏறக்குறைய 1 டிகிரி இடது. லேசான ஃபேட், அதாவது வலது பக்கம் கொஞ்சமே வளையும் அடி! சுழற்சி நிமிடத்துக்கு 3,700 சுற்றிலிருந்து 2,800-க்கு இறங்கியது, கேரி 188-லிருந்து 207 கெஜம் ஆனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

இனி கடை. இலக்குக் கோட்டை யாரும் சரிபார்க்கவில்லை. முதல் மணி நேரத்தில் நான் எடுத்த திசை எண்கள் எல்லாமே 3 டிகிரி தள்ளியிருந்தன, பயிற்சியாளர் வந்துதான் கண்டுபிடித்துச் சரிசெய்தார். (மேலே சொன்ன பழைய முறை எண்கள் அதற்குப் பிறகு மறுபடி அடித்து எடுத்தவை.) கோடு தப்பாக இருந்தால் முகம், பாத் ரெண்டும் ஒரே அளவு தள்ளிக் காட்டும், வித்தியாசம் மட்டும் சரியாகவே இருக்கும், அதனால் சந்தேகம் வந்தால் அதையே பாருங்கள். ஸ்டிக்கர் பந்துகள் பாதி தேய்ந்திருந்தன. காலடியில் விரித்த மேட் ஐயர்னுக்கு உதவாது, பந்துக்குப் பின்னால் தரையில் அடித்தாலும் வழுக்கிக்கொண்டு போய் நல்ல அடி மாதிரி ஏமாற்றும். கிளப் முகத்தில் பந்து எங்கே பட்டது என்று பார்க்க பவுடர் ஸ்ப்ரே நானே கொண்டுபோனேன், அவசியம் கொண்டுபோங்கள். நுனியிலோ குதியிலோ பட்டால் வளைவு மாறிவிடும், அதற்குப் பாத்தைக் குறை சொல்லக் கூடாது.

தனியாக எடுத்த அந்த முதல் மணி நேரத்துக்கு ஐந்துக்கு ரெண்டு, ஏனென்றால் திரையில் இருபது எண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பயிற்சியாளரோடு எடுத்ததற்கு ஐந்துக்கு ஐந்து. பிப்ரவரியில் 7-ஐயர்னோடு அவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன்.