தோட்டத்து ரோட்டு ஜீப்புக்கு எந்த மட் ஃபிளாப்?

தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஓடும் ஜீப்புக்கு மட் ஃபிளாப் (சேறு தெறிக்காமல் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற தடுப்பு) மாற்றுவதென்றால் மூன்று வழி இருக்கிறது. வண்டியின் அளவுக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக், தடித்த ரப்பர் ஷீட், ரேலி வண்டிகளில் போடுகிற பாலியுரித்தேன் ஷீட். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன் சக்கரத்துக்கு பிளாஸ்டிக், பின் சக்கரத்துக்கு ரப்பர்.

பிளாஸ்டிக்கின் பெரிய வசதி, அது வண்டியோடு ஒட்டி நிற்பது. ஜிம்னி போன்ற வண்டிகளுக்கு மட்கார்ட் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரியே கிடைக்கும். பெரும்பாலும் ஏற்கனவே இருக்கிற ஸ்குரூ துளைகளிலேயே பூட்டிவிடலாம். முன்னால் இதுதான் வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயரின் பின்பக்கம் ஃபிளாப்பை நெருங்கி வரும். ஆடுகிற ரப்பர் என்றால் உரசும், வடிவம் மாறாத பிளாஸ்டிக் ஒதுங்கியே நிற்கும். ஆனால் கல்லில் இடித்தால் இது வளைந்து கொடுக்காது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பனி உறைகிற விடியற்காலையில் பிளாஸ்டிக் இன்னும் விறைத்துப்போகும். அப்போது ஓர் இடி வாங்கினாலே வெடிப்பு விழலாம். பின்னால் போட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

பின் சக்கரத்தின் கதையே வேறு. மலைத் தோட்டங்களில் கொண்டை ஊசி வளைவை ஒரே மூச்சில் எடுக்க முடியாத இடங்கள் நிறைய. பாதி திருப்பி, ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கம் மண்மேட்டில் முட்டுகிற வரை வந்து, மறுபடி ஏற வேண்டும். அந்த நேரத்தில் ஃபிளாப் டயருக்கும் மேட்டுக்கும் நடுவில் மடிந்து அகப்படும். டயர் அதன்மேல் ஏறி உருண்டால் கீழ்நோக்கி இழுக்கும். பிளாஸ்டிக் அங்கேயே உடையும். ரப்பர் தாக்குப்பிடிக்கும், ஆனால் எல்லா ரப்பரும் இல்லை. உள்ளே துணி அடுக்கு இல்லாத வெறும் ரப்பர் போல்ட் துளையிலிருந்தே கிழிந்துவிடும். பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய துண்டுகளில் துணி அடுக்கு இருக்கும், விலையும் குறைவு. ஐந்து ஆறு மில்லிமீட்டர் தடிப்பு போதும். அதைவிடத் தடித்த பெல்ட் மடியாது. இழுபடும்போது தான் கிழியாமல் பிராக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

பாலியுரித்தேன் குளிரிலும் வளையும், லேசில் கிழியாது, மெல்லியதாகவும் இருக்கும். விலைதான் அதிகம். அதோடு பாரம் குறைவென்பதால் ஹட்டன் – நுவரெலியா மாதிரியான நல்ல ரோட்டில் வேகம் பிடித்தால் காற்றில் பின்னால் தூக்கும். தோட்டத்துக்குள் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற வண்டிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

உயரம் பற்றித்தான் அதிகம் வாக்குவாதம் நடக்கும். ரிவர்ஸில் மாட்டாமல் இருக்க மேலே ஏற்றிப் பூட்டச் சொல்வார்கள். ஏற்றினால் சேறும் கல்லும் அடியால் பறக்கும். மே மாதத்திலிருந்து மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அந்த ஒடுங்கிய ரோட்டில் ஒதுங்க இடமில்லாமல் கானோரம் நடப்பது யார்? கொழுந்து பறிக்கப் போகிற பெண்களும், வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளும்தான். அவர்கள்மேல் நம் வண்டி சேறு வாரி அடிக்கக் கூடாது. அதனால் தாழவே தொங்கவிடுங்கள். கீழ் விளிம்பில் ஒரு துளை போட்டு, மேலே ஒரு கொக்கி வையுங்கள். கரடுமுரடான இடத்தில் இறங்கும் முன் தூக்கி மாட்டிவிடலாம். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் இறக்கிவிட வேண்டும்.

சரி, பூட்டும் வேலைக்கு வருவோம். உயரத்தைச் சாமான் ஏற்றிய நிலையில் அளக்க வேண்டும். உரமூட்டை ஏறினால் பின்பக்கம் நன்றாகவே பதியும். அகலம் டயரை முழுதாக மறைக்க வேண்டும், அகல டயர் மாற்றியிருந்தால் ஃபிளாப்பும் மாற வேண்டும். ரப்பரை வெறும் போல்ட்டில் தொங்கவிடாமல், முழு அகலத்துக்கும் ஓர் இரும்புப் பட்டி வைத்து நெரித்துப் பூட்டினால் இழுவிசை பரவும். நைலோன் வளையம் வைத்த நட் என்றால் அதிர்வில் கழலாது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வண்டியின் வெளிக்கூடு பெரும்பாலும் அலுமினியம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அதில் நேரே பூட்டினால் இந்த ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவில் நைலோன் வாஷர் போடுங்கள். இரும்பில் புதிதாகத் துளைத்த இடத்துக்கு அன்றைக்கே பிரைமர் பூச வேண்டும்.

முன் ஃபிளாப்பைப் பூட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். அப்புறம் ஒரு சக்கரத்தைக் கல்லில் ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். சமதரையில் உரசாதது அங்கே உரசும். கழுவும்போது ஃபிளாப்புக்கும் மட்கார்டுக்கும் இடையில் தண்ணீர் அடித்துச் சேற்றை வெளியேற்றுங்கள். துரு பிடிக்கத் தொடங்குவது அங்கேதான்.