கேரவனுக்கு எந்த பேட்டரி? டியூபுலர், எஸ்எம்எஃப், லித்தியம் மூன்றும் ஒரு பார்வை

டெம்போ டிராவலரோ மினி பஸ்ஸோ வாங்கி, உள்ளே கட்டில், ஃபிரிட்ஜ், சிங்க் என்று கேரவன் கட்டுகிறவர்களிடம் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுற 150 ஏஎச் டியூபுலரே போதும் சார்." போதாது. வீட்டில் நன்றாக உழைக்கிற அதே பேட்டரி வண்டியில் ஏன் ஓரிரு வருடத்தில் படுத்துவிடுகிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

முதலில் ஒன்று. இன்ஜின் பேட்டரியிலிருந்து உள்வீட்டு லோடை எடுக்கவே கூடாது. செல்ஃப் எடுக்கும் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளுவதற்காக அதன் தகடுகளை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டி அதை அடிமட்டத்துக்கு இறக்கினால் தகடு உதிர்ந்துபோகும், காலையில் வண்டியும் கிளம்பாது. உள்ளறைக்குத் தனி பேட்டரி வேண்டும்.

அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஏஎச் (ஆம்பியர்-அவர்) கணக்கை விட்டுவிட்டு, கரண்ட் பில்லில் பார்க்கிற யூனிட்டில், அதாவது 1000 வாட்-அவர் கணக்கில் போட்டால் குழப்பம் இல்லை. 50 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட் இழுக்கும். நம் வெயிலில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 540 வாட்-அவர். 25 வாட் ஃபேன் பத்து மணி நேரத்துக்கு 250. ஐந்து வாட் எல்இடி நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு 100. லேப்டாப்பும் போன்களும் சேர்ந்து 240. தண்ணீர் பம்ப் 15. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். ஏசி இந்தக் கணக்கில் இல்லை, அதற்குப் பின்னால் வருவோம்.

இப்போது டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றுகிற லெட்-ஆசிட் பேட்டரி. 150 ஏஎச், 12 வோல்ட், காகிதத்தில் 1.8 யூனிட். ஆனால் அந்த 150 என்பது 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பைப் போட்டால் சுமார் 140 ஆம்பியர் இழுக்கும். அந்த இழுவையில் வோல்ட்டேஜ் சரிந்து, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். "80 சதவீதம் வரை இறக்கலாம்" என்பார்கள். இறக்கலாம்தான், ஆனால் உடனே முழுக்க நிரப்ப வேண்டும். சிக்கல் அங்கேதான். லெட்-ஆசிட் பேட்டரி கடைசி 20 சதவீதத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும், முழுக்க நிரம்ப 10 முதல் 12 மணி நேரம் கேட்கும். வீட்டில் கரண்ட் போவது எப்போதாவது, மற்ற நேரமெல்லாம் அது நிரம்பியே இருக்கிறது. வண்டியிலோ தினமும் இறங்குகிறது, மூன்று மணி நேர ஓட்டத்தில் முக்கால்வாசி ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. நிரம்பாமலே கிடக்கிற தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதை எந்த சார்ஜராலும் முழுதாகக் கரைக்க முடியாது.

எடையும் 50 முதல் 60 கிலோ. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதைக் கட்டிலுக்கடியில் மூடிய பெட்டியில் வைப்பது ஆபத்து. மலைப்பாதையில் வண்டி குலுங்கச் சாய ஆசிட் மூடி வழியாகக் கசியும். பக்கத்தில் போகும் செம்பு வயரின் லக்கில் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தில்) பச்சைப் பூச்சு ஏறியிருந்தால் அது அந்த ஆசிட் ஆவியின் வேலை. கேரவனுக்குள் டியூபுலர் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

யுபிஎஸ்ஸுக்கு வருகிற எஸ்எம்எஃப் வகை, அதாவது ஏஜிஎம் என்கிற மூடி அடைத்த லெட்-ஆசிட், கசியாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். 100 ஏஎச் சுமார் 30 கிலோ, நிம்மதியாக எடுக்கக் கூடியது பாதி, அதாவது 0.6 யூனிட். நம் கணக்குக்கு இரண்டு வேண்டும், 60 கிலோ. சல்பேட் பிரச்சினை இதற்கும் உண்டு. வருடத்தில் நான்கைந்து வார இறுதிகள் மட்டும் கிளம்பி, மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் பிளக்கில் நிற்கிற வண்டிக்கு இது சரியான, சிக்கனமான தேர்வு.

அதற்கு மேல் ஓடுகிற வண்டிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். 200 ஏஎச், 12.8 வோல்ட், மொத்தம் 2.56 யூனிட். 80 சதவீதம் எடுத்தாலும் 2 யூனிட் கிடைக்கும், ஒன்றரை நாளுக்குத் தாங்கும். எடை 22 முதல் 25 கிலோ. பாதியில் நின்றால் கெடாது, ஏறக்குறைய நிரம்பும் வரை முழு ஆம்பியரையும் வாங்கிக்கொள்ளும். முறையாக வைத்தால் 2000 சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுழற்சிக்கு மேல் வரும்.

ஆனால் லித்தியத்தைப் பழைய பேட்டரி இருந்த இடத்தில் அப்படியே மாட்டிவிட முடியாது. டைனமோவிலிருந்து வெறும் ரிலே வழியாக இணைத்தால் பேட்டரி கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் உறிஞ்சும். வண்டி ஐடிலில் நிற்கும்போது காற்றோட்டம் போதாமல் டைனமோ சுருள் கருகும். இன்னொரு பக்கம், பேட்டரி உள்ளே இருக்கிற பிஎம்எஸ் (செல்களைக் காக்கிற எலக்ட்ரானிக் போர்டு) திடீரென்று துண்டித்தால் எழும்புகிற வோல்ட்டேஜில் டைனமோவின் டயோடு போய்விடும். இடையில், டைனமோவிலிருந்து அளவாக மட்டும் ஆம்பியர் எடுக்கிற ஒரு டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். விக்ட்ரான் ஓரியன் 30 ஆம்பியர் மாடல் நான்கு மணி நேர ஓட்டத்தில் சுமார் ஒன்றரை யூனிட் ஏற்றும். அது நன்றாகச் சூடாகும், 40 டிகிரிக்கு மேல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சுற்றிலும் காற்று போக இடம் விட வேண்டும். கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் வெயில் நாளில் இன்னொரு ஒன்றரை யூனிட். வீட்டு யுபிஎஸ்ஸால் சார்ஜ் ஏற்றுவதாக இருந்தால் அதில் லித்தியம் செட்டிங் இருக்க வேண்டும். டியூபுலர் மோடில் ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்தக் கூடுதல் வோல்ட்டேஜில் ஏற்றுவது) செய்யும்போது அது 15 வோல்ட்டைத் தொடும், இதற்கு உச்சமே 14.6.

பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். 200 ஏஎச் பேட்டரிக்குள் 100 ஆம்பியர் பிஎம்எஸ் வைத்து விற்பது சகஜம். அதில் இண்டக்ஷன் அடுப்பு போட்டதும் மொத்த வண்டியும் இருட்டாகும். அடுப்பு வேண்டுமென்றால் 200 ஆம்பியர். ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்துகிற வசதியும் இருக்கட்டும். லடாக் போகிறவர்களுக்கு அது உயிர்நாடி, அந்தக் குளிரில் சார்ஜ் ஏறினால் செல் நிரந்தரமாகக் கெடும்.

கடையிலேயே தராசில் வையுங்கள். 100 ஏஎச் என்று சொல்லி 9 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் உள்ளே அவ்வளவு செல் இல்லை. ஸ்டிக்கரில் 11.1 வோல்ட் என்றிருந்தால் அது வேறு வேதியியல், சூடானால் வேகமாகத் தீப்பிடிக்கும் வகை, படுக்கையறைக்குள் வேண்டாம். வாங்கியதும் முழு சார்ஜ் ஏற்றி, நான்கு 60 வாட் ஹெட்லைட் பல்புகளைப் பேரலலில் மாட்டினால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். 200 ஏஎச் என்றால் பத்து மணி நேரம் எரிய வேண்டும். இதை அளக்க, உள்ளே போகிற, வெளியே வருகிற ஆம்பியரை எண்ணுகிற ஷண்ட் மானிட்டர் வேண்டும், எப்படியும் அது இல்லாமல் லித்தியம் ஓட்ட முடியாது. லெட்-ஆசிட்டில் 12.7 முழுசு, 12.2 பாதி என்று வோல்ட் மீட்டரே சொல்லிவிடும். லித்தியமோ 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய 13.2 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 35 ஸ்கொயர் எம்எம், 2000 வாட்டுக்கு 70. பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ், அதுவும் டிசிக்கானது, 20 கிலோ ஆம்பியர் ஷார்ட்டை அறுக்கும் என்று மேலே அச்சிட்டிருப்பது. லக்கைச் சுத்தியலால் தட்டி ஒட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த இணைப்பில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை நின்றாலும் 150 ஆம்பியரில் 22 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை லக்குக்குள் எரியவிட்டது போலத்தான். லக்கை அழுத்திப் பொருத்துகிற ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கிறவரிடம் கொடுங்கள்.

ஏசி பற்றி: ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரி 600 வாட் என்றாலும் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 200 ஏஎச் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ராத்திரி முழுக்க ஏசி வேண்டுமென்றால் 24 வோல்ட்டுக்கு மாறி, ஆறேழு யூனிட் பேட்டரி பேங்க் கட்ட வேண்டும், இல்லையேல் ஜென்செட்.

பேட்டரியை இன்ஜின் பக்கமோ சைலன்சருக்கு மேலேயோ வைக்காமல் உள்ளறையிலேயே, தரையோடு போல்ட் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மாதம் வண்டி எடுக்கப் போவதில்லை என்றால் லித்தியத்தைப் பாதி சார்ஜில் விட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஃப் என்றால் நேர் எதிர்: முழுக்க நிரப்பி, ஃப்ளோட் சார்ஜில் (நிரம்பிய நிலையிலேயே தாங்கி வைக்கிற மெல்லிய சார்ஜில்) 13.6 வோல்ட்டில் விட்டுவைக்க வேண்டும்.