மாறுகண் அறுவை சிகிச்சை: மயக்க மருந்துக் குழுவுக்கு ஐந்தில் நான்கு

ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்.

என் மகளுக்கு நான்கரை வயது. இரவு 12 மணிக்குப் பிறகு எதுவும் கொடுக்கக் கூடாது என்று வார்டில் கொடுத்த சீட்டில் இருந்தது. அவள் முறை வந்தது காலை 11.30க்கு. எட்டு மணியிலிருந்து "ஒரு வாய் தண்ணிம்மா" என்று கெஞ்சினாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தேன். மயக்கவியல் மருத்துவர் கேட்டதும் முகம் வாடிவிட்டார். உணவுக்குத்தான் ஆறு மணி நேரம். வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுத்திருக்கலாமாம். அந்தச் சீட்டை மாற்றுங்கள். நாக்கு வறண்டு கிடந்த பிள்ளையை நான் மறக்கவில்லை.

மற்றபடி அந்த மருத்துவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். முதலில் குறித்த நாளில் அவளுக்குச் சளியும் இருமலும் இருந்தன. மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும் அபாயம் கூடும் என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார். போட்ட விடுப்பு வீணானதே என்று அன்று கோபப்பட்டேன். அது தவறு.

பெரியவர்களுக்குப் புரை எடுப்பதுபோல் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதாதா என்று கேட்டேன். இந்த வயதில் அசையாமல் படுத்திருக்க மாட்டாள், முழு மயக்கம்தான் என்றார். கண் தசையை இழுக்கும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம் என்பதையும் மறைக்கவில்லை. இழுப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், அட்ரோபின் மருந்தும் தயாராக இருக்கும் என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. ஆனாலும் சொன்னதே நல்லது.

தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள். ஊசி இல்லை; என் மடியில் வைத்தே முகமூடியைக் காட்டி, "பலூன் ஊது பாப்பா" என்றார். சில மூச்சுதான், தோளில் துவண்டாள். கையில் ஊசி ஏற்றியது அதற்குப் பிறகே.

விழித்தபோது என்னையே அடையாளம் தெரியாமல் கால் மணி நேரம் உதைத்துக் கதறினாள். இப்படி ஆகலாம், தானே அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவளை அணைத்தபடி காத்திருந்தேன். வாந்திக்கு மருந்து கொடுத்திருந்தும் மாலையில் ஒருமுறை எடுத்தாள். இந்த அறுவை சிகிச்சையில் அது சகஜமாம்.

அவள் உறங்கிய பிறகு மருத்துவரே வார்டுக்கு வந்தார். "ஒருமுறை துடிப்பு குறைந்தது. சர்ஜன் கையை எடுத்ததும் ஏறிவிட்டது. மருந்து தேவைப்படவில்லை" என்றார். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.