நாலு வருஷ லேசர்: சிவப்புப் புள்ளி சொல்லும் பொய்

ஓவியத்தில் லேசரால் குட்டிக் குழி போட்டு, வண்ணத்தில் என்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும் மெஷின் என்னுடையது. லேசருக்குச் சக்தி தரும் ஃப்ளாஷ் லாம்ப் மாற்றி போன வாரம்தான் திரும்பி வந்தது. அதற்குள் நண்பர் ஒருவர், "எங்க லேபுக்கு செகண்ட் ஹேண்ட்ல இதே மாதிரி ஒண்ணு வருது, வாங்கலாமா?" என்று கேட்கிறார். போனில் பேசினால் திட்டு மட்டும்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே விழும் என்று கூடவே வரும் சிவப்புப் புள்ளிதான் காட்ட வேண்டும். காட்டாது. அரை மில்லிமீட்டர் தள்ளிக் காட்டும். நான் ஓவியத்தில் போடும் குழியே 100 மைக்ரான்தான். அதற்கு அரை மில்லிமீட்டர் என்பது அடுத்த ஊர். சர்வீஸுக்குப் போகும்போது இடப்பக்கம் தள்ளியது, வந்தபின் வலப்பக்கம் தள்ளுகிறது. தினமும் காலையில், சூடு பட்டால் கறுக்கும் ஏடிஎம் ரசீது மேல் ஒரு ஷாட் போட்டு, கறுப்புப் பொட்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, அன்றைக்குக் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்வேன். ஒருநாள் மறந்துவிட்டேன். நீலத்துக்குக் குறி வைத்தது பக்கத்துச் சாதிலிங்கச் சிவப்பில் பட்டது. சாதிலிங்கம் லேசர் பட்டால் கறுக்கும். குழியைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். எனக்குத் தெரிகிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 19ஆம் நூற்றாண்டு உருவப்படம் ஒன்று. வார்னிஷ் எடுத்தபின், வெள்ளைக் காலரில் ஒரே இடத்தில் ஷாட் போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் 'டப்' என்று குட்டிப் பொறி. அந்தப் பொறியின் ஒளியில்தான் தனிமம் தெரியும். முதல் இரண்டிலும் டைட்டானியம். மூன்றாவதில் டைட்டானியமும் ஈயமும் கலந்து. நான்காவதில் ஈயம் மட்டும், அதாவது பழைய ஈய வெள்ளை. டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்ததே 1920 வாக்கில். ஆக, மேல்பூச்சு பிற்பாடு யாரோ செய்த கைவேலை. கத்தியால் துணுக்கு பெயர்த்து, ரெசினில் பதித்து, மெருகேற்றிப் பார்க்க ஒருநாள் ஆகும். இங்கே டீ ஆறுவதற்குள் முடிந்தது. அன்றைக்கு முழுக்க வாயெல்லாம் பல்லாகத் திரிந்தேன்.

ஆனால் கத்தித் துணுக்கு டப்பாவில் இருக்கும், பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். லேசர் எடுத்தது ஆவியாகிவிடும், பொறியின் ஒளியைப் பிரித்துப் பதிந்த ஸ்பெக்ட்ரம்தான் மிச்சம். தனிமத்தைத்தான் சொல்லும்; அவுரி மாதிரிச் செடிச் சாய நீலமா என்று கேட்டால் கையை விரிக்கும். அதற்கு மூலக்கூறை அடையாளம் காட்டும் ராமன் கருவி வேண்டும். வார்னிஷ் இருந்தால் இந்த 1064 அகச்சிவப்பு ஒளி அதைக் கடந்து உள்ளே வெடித்து, மேலே சில்லு பெயர்த்துவிடும். 266 நானோமீட்டர் புற ஊதா வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வார்னிஷ் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், வாங்காதீர்கள். கேட்க மாட்டீர்கள் என்றால், சிவப்புப் புள்ளியைச் சுட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், சுட ஏடிஎம் ரசீது நான் தருகிறேன். என்னுடையதை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.